அசாசினேஷன் கிளாஸ்ரூம்: அந்த வகுப்பில் நகைச்சுவையே பாடமா? (இரண்டாம் சீசன் வரை கதை வெளிப்படும்)

#1 மலைவகுப்பு

மாணவர்களை ரகசிய ஏஜெண்டாக, உளவாளியாக, கொலையாளியாகப் பழக்கும் அனிமேக்கள் (ஜப்பானிய அசைபடத் தொடர்கள்) நிறைய வந்துவிட்டன. அதிரடி இருக்கும், சிரிப்பு இருக்கும், பள்ளிச் சீருடைக்குள் துப்பாக்கி இருக்கும். ஆனால் பயிற்சி எங்கே என்று தேடினால் கிடைக்காது. முதல் பகுதியிலேயே பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

போன மாதம் அசாசினேஷன் கிளாஸ்ரூமை மூன்றாவது முறையாக முழுக்கப் பார்த்து முடித்தேன். மட்சுயி யூசெய் 2012 முதல் 2016 வரை ஷோனென் ஜம்ப் இதழில் வரைந்த மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), 21 தொகுதிகள். லெர்ச்சே ஸ்டூடியோ அதை அனிமேயாக எடுத்தது, இயக்கம் கிஷி செய்ஜி. 2015இல் 22 பகுதிகள், 2016இல் 25 பகுதிகள். அத்தோடு கதை முழுசாக முடிந்துவிடும். மாங்கா வாங்கித்தான் முடிவு தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை இதில் கிடையாது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நிலாவில் எழுபது சதவீதம் ஒரே நாளில் அழிந்துபோகிறது. மஞ்சள் நிறத்தில், ஆக்டோபஸ் மாதிரி கைகளோடு, மாக் 20 வேகத்தில் (ஒலியைவிட இருபது மடங்கு) பறக்கும் ஓர் உயிரினம் வந்து, "அடுத்த மார்ச்சில் பூமியையும் அழிப்பேன், அதுவரை குனுகிகஓகா நடுநிலைப் பள்ளியின் 3-இ வகுப்புக்குப் பாடம் எடுப்பேன்" என்கிறது. அரசாங்கம் வேறு வழியில்லாமல் சம்மதித்து, அந்த மாணவர்களிடமே ரகசியமாக வேலையை ஒப்படைக்கிறது: வாத்தியாரைக் கொன்றால் 1000 கோடி யென் பரிசு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கராசுமா உடற்கல்வி ஆசிரியராக வந்து கத்தி பிடிக்கவும் குறிபார்க்கவும் பழக்குகிறார்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தத் தொடரில் சிரிப்பும் பயிற்சியும் தனித்தனியாக இல்லை. நாகிசா என்ற மாணவன் ஒரு நோட்டில் கோரோ-சென்செயின், அதாவது அந்த மஞ்சள் வாத்தியாரின், பலவீனங்களை எழுதி வைப்பான். பந்தா காட்டும்போது தடுமாறுவார், சட்டென்று பதறிவிடுவார், சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபித்துக்கொள்வார். பார்க்கும்போது ஒவ்வொன்றும் ஒரு சிரிப்புக் காட்சி. ஆனால் அந்தப் பையன் செய்வது உளவு வேலை. இலக்கைத் தினமும் கவனித்து, பழக்கங்களைக் குறித்து வைக்கிறான். நாம் சிரித்துவிட்டு மறந்ததை அவன் எழுதி வைத்திருக்கிறான்.

உங்களுக்கு எந்தப் பாடம் மனதில் நின்றது? விரிவாக எழுதுங்கள். முடிவைப் பற்றிப் பேசுபவர்கள் மட்டும் பதிவின் மேலேயே எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

#2 நடுநிசி

நல்ல தொடர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏஜெண்ட் பயிற்சி என்று வந்தால் எனக்கு ஹிடன் நோ ஆரியாதான். 2011இல் ஜே.சி. ஸ்டாஃப் எடுத்தது, 12 பகுதி. டோக்கியோ விரிகுடாவில் செயற்கைத் தீவின் மேல் ஒரு பள்ளி. அங்கே படிப்பவர்கள் 'புதெய்', அதாவது ஆயுதம் வைத்துக்கொள்ள உரிமை பெற்ற துப்பறிவாளர்கள். தாக்குதலுக்கு ஒரு பிரிவு, புலனாய்வுக்கு ஒரு பிரிவு, தூரத்திலிருந்து சுடுவதற்கு ஒரு பிரிவு. ஒவ்வொருவருக்கும் இ-யிலிருந்து எஸ் வரை தரம் உண்டு. இப்படி ஒரு பள்ளி நிஜமாகவே இருந்தால் எப்படி நடக்கும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

3-இ வகுப்பில் என்ன இருக்கிறது? ஒரு பழைய மரக்கட்டடம், ரப்பர் கத்தி, பிளாஸ்டிக் குண்டு. பாதி நேரம் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

#3 மலைவகுப்பு

நடுநிசி, அந்தப் பள்ளியின் அமைப்பு நன்றாக யோசித்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். புதெய் யாரையும் கொல்லக் கூடாது என்று சட்டம் இருப்பதும் எனக்குப் பிடித்த விஷயம். கையில் துப்பாக்கி, ஆனால் கொல்ல உரிமையில்லை. அதிலிருந்து எவ்வளவோ கதை எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு முழு வகுப்பு நடப்பதை நீங்கள் எத்தனை முறை பார்த்தீர்கள்? கதாநாயகன் கின்ஜி சைக்கிளில் குண்டோடு வந்ததிலிருந்து கதை வெளியேதான் ஓடுகிறது. பள்ளி பின்னணிச் சித்திரமாக நின்றுவிடுகிறது.

பாதி நேரம் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்றீர்களே, அந்தப் பாதியை நான் விடமாட்டேன். 3-இ மாணவி ஒகுடாவின் பகுதியை எடுத்துக்கொள்வோம். வேதியியலில் புலி, மொழிப் பாடத்தில் படு மோசம். நேராக வாத்தியாரிடம் போய், இது விஷம், தயவு செய்து குடியுங்கள் என்று மூன்று குப்பிகளை நீட்டுகிறாள். அவரும் வாங்கிக் குடிக்கிறார். சோடியம் ஹைட்ராக்சைடுக்குத் தலையில் கொம்பு முளைக்கிறது, தாலியம் அசிடேட்டுக்கு இறக்கை முளைக்கிறது, ராஜதிராவகத்துக்கு முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் போகிறது. நான் விழுந்து விழுந்து சிரித்த காட்சி அது.

அப்புறம் அவரே அவளோடு உட்கார்ந்து ஒரு விஷம் தயாரிக்கச் சொல்லித்தருகிறார். அவள் நம்பிச் செய்து கொடுக்கிறாள். அது விஷமே இல்லை, அவருக்கு இன்னும் வலிமை தரும் மருந்து. அங்கேதான் பாடம் வருகிறது. எவ்வளவு நல்ல விஷம் செய்தாலும் எதிராளியைக் குடிக்க வைக்க வார்த்தை வேண்டும், மனிதர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று புரிய வேண்டும், அதற்கு மொழிப் பாடம் வேண்டும். ஒரு வேதியியல் பிள்ளை மொழிப் பாடத்தை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சரியான காரணத்தை நான் எந்தப் பள்ளியிலும் கேட்டதில்லை.

#4 குறிபார்ப்பவள்

ஒகுடா பகுதி அருமை. ஆனால் எல்லாப் புகழையும் கோரோ-சென்செய்க்கே கொடுக்கிறீர்கள். பயிற்சி பற்றிப் பேசுவதாக இருந்தால் கராசுமாவிலிருந்து தொடங்க வேண்டும்.

தகாஓகா என்ற புதுப் பயிற்சியாளர் வரும் பகுதி நினைவிருக்கிறதா? கேக் வாங்கிக்கொண்டு வருவார், என்னை அப்பாவாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த நாளே இரவு 9 மணி வரை பயிற்சி என்று ஒரு கால அட்டவணையை நீட்டுவார். மறுத்த பையனுக்கு அடிவயிற்றில் முழங்கால். மறுத்த பெண்ணுக்குக் கன்னத்தில் அறை. அந்த இடத்தில் எனக்கு உடம்பே நடுங்கியது. இப்படி ஒரு பயிற்சியாளரிடம் நான் பள்ளி நாள்களில் கபடி பழகியிருக்கிறேன். நல்லவராக வந்து, அன்பின் பெயரைச் சொல்லி அடிப்பார். யாரிடம் போய்ச் சொல்வது என்றுகூட அப்போது தெரியவில்லை.

பிறகு அந்தப் பந்தயம். கராசுமா தன் மாணவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த மாணவர் தகாஓகாவை ஒரு முறை கத்தியால் தொட்டால் போதும். ஆனால் இம்முறை நிஜக் கத்தி. கராசுமா நாகிசாவிடம் வந்து கத்தியை நீட்டும்போது பேசுவதைக் கவனியுங்கள். உங்களைத் தொழில்முறையாளர்களாகவே மதிக்கிறேன், உங்களுக்கு நாங்கள் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி சாதாரணமான பள்ளி வாழ்க்கை, விருப்பமில்லை என்றால் கத்தியைத் திருப்பித் தரலாம் என்கிற பொருளில் சொல்வார். பதினான்கு, பதினைந்து வயதுப் பையனுக்கு மறுக்கும் உரிமையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்.

நாகிசா சண்டை போடுவதில்லை. சிரித்த முகத்தோடு, காலையில் பள்ளிக்குப் போகிற மாதிரி நடந்து போகிறான். தகாஓகாவின் மார்பில் மோதும் வரை அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கண் இமைப்பதற்குள் பின்னால் போய்க் கழுத்தில் கத்தியின் மழுங்கிய பக்கத்தை வைத்துவிடுகிறான். அந்தக் காட்சியில் இசை அடங்கிவிடும், காலடி மட்டும் கேட்பது போல இருக்கும். அதிரடிக் காட்சி என்றால் எனக்கு அதுதான்.

#5 கரும்பலகை

நான் ஆசிரியை. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 11 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். இந்தத் தொடரை என் மாணவன் ஒருவன் சொல்லித்தான் பார்த்தேன். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பறையில் 'வணக்கம்' சொன்ன கையோடு மொத்த வகுப்பும் எழுந்து ஆசிரியரைச் சுடுகிறது. அதை வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். பிளாஸ்டிக் குண்டு, மனிதர்மேல் பட்டால் ஒன்றும் ஆகாது என்பதெல்லாம் சரி. பார்க்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியுமா என்று கவலைப்பட்டேன்.

ஜப்பானிலும் அந்தக் கவலை இருந்திருக்கிறது. 2015 ஜனவரியில் ஜப்பானியர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிபட்டிருந்த நேரத்தில், கத்திக் காட்சிகள் இருந்ததால் ஒரு வாரப் பகுதியை ஃபூஜி தொலைக்காட்சி தள்ளி வைத்தது.

என் எண்ணம் மாறிய இடம் முதல் பகுதியிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது. தெராசாக்கா என்ற மாணவனின் கூட்டம் நாகிசாவின் கழுத்தில் ஒரு பொம்மைக் கையெறிகுண்டைத் தொங்கவிட்டு அனுப்புகிறது. அவன் வாத்தியாரைக் கட்டிப்பிடிக்கிறான், குண்டு வெடிக்கிறது. கோரோ-சென்செய் மாதத்துக்கு ஒரு முறை மட்டும் உரிக்க முடிகிற தன் தோலால் அவனை மூடிக் காப்பாற்றியிருக்கிறார். அப்போது அவர் முகம் கறுக்கிறது. தன்னைக் கொல்ல வந்ததற்காக இல்லை. ஒருவன் தன் உயிரைத் துச்சமாக நினைத்ததற்கும், மற்றவர்கள் அவனை அப்படி அனுப்பியதற்கும்தான் அந்தக் கோபம். இப்படிப்பட்டவர்களுக்குக் கொலையாளியாக இருக்கத் தகுதியில்லை என்கிறார். தொடரின் ஒழுங்குவிதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

#6 குன்றின்மேல்

டோக்கியோவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். அந்தப் பள்ளி அமைப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லலாம். 'குனுகி' என்பது கருவாலி இனத்து மரம், 'ஓகா' என்றால் குன்று. பள்ளித் திருவிழாவில் 3-இ பிள்ளைகள் கையில் காசில்லாமல் மலையில் பொறுக்கிய கருவாலிக் கொட்டைகளை மாவாக்கி நூடுல்ஸ் விற்கிறார்களே, அது பள்ளியின் பெயருக்குள்ளேயே இருக்கும் சரக்கு.

இங்கே பரீட்சைப் போட்டியில் 'ஹென்சச்சி' என்று ஓர் எண் உண்டு. சராசரி மாணவனுக்கு 50. அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே நீ இருக்கிறாய் என்று அந்த எண் காட்டும். எந்தப் பள்ளிக்கு எந்த எண் வேண்டும் என்று பயிற்சி மையங்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கும். அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் தலைமை ஆசிரியர் அசானோவின் கொள்கை எவ்வளவு கொடூரமானது என்று தெரியும். 95 சதவீதம் பேர் உழைக்க வேண்டுமானால், 5 சதவீதம் பேரை எல்லோர் கண்ணிலும் படும்படி கீழே தள்ளி வைக்க வேண்டும். அதற்காகத்தான் மலை மேல் ஒரு வகுப்பு. மொத்தப் பள்ளியும் கூடும் நாளில் அந்தப் பிள்ளைகள் மலையிறங்கி வந்து, எல்லோர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு திரும்ப ஏற வேண்டும்.

#7 கரும்பலகை

குன்றின்மேல், இது எனக்கு உறைக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் மதிப்பெண் வரிசைப்படி 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று பிரிப்பார்கள். கடைசிப் பிரிவுக்குள் நுழையும்போதே பிள்ளைகள், "எங்களுக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்பார்கள். அந்தக் குரலை அப்படியே 3-இ வகுப்பின் முதல் சில பகுதிகளில் கேட்டேன்.

அந்தக் குரலுக்குத்தான் 'இரண்டாவது கத்தி' பாடம் பதில் சொல்கிறது. முதல் பருவ இடைத்தேர்வுக்கு முன்பு பிள்ளைகள், ஆயிரம் கோடி யென் பரிசு கிடைக்கப்போகிறது, பரீட்சை எதற்கு என்கிறார்கள். கோரோ-சென்செய் எல்லோரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டு, ஆங்கிலம் எடுக்கும் தொழில்முறைக் கொலையாளி இரினாவிடம் கேட்கிறார்: ஒரே ஒரு திட்டத்தோடு வேலைக்குப் போவீர்களா? கராசுமாவிடம் கேட்கிறார்: கத்திச் சண்டையில் முதல் வீச்சு மட்டும் போதுமா? பிறகு சுழற்காற்றாகச் சுற்றி மைதானத்தையே துடைத்தெடுத்துவிட்டுச் சொல்கிறார்: என்னை நாளைக்கே வேறொருவன் கொன்றுவிட்டால் உங்களிடம் மிச்சம் என்ன இருக்கும்? இரண்டாவது கத்தி இல்லாதவனுக்கு இந்த வகுப்பில் இடமில்லை. எல்லோரும் முதல் 50 இடத்துக்குள் வரவேண்டும், வராவிட்டால் நான் போய்விடுகிறேன்.

வரவில்லை. பாடப் பகுதியைப் பள்ளி கடைசி நேரத்தில் மாற்றிவிட்டது, மலைமேல் யாருக்கும் தகவல் வரவில்லை. அடுத்த நாள் கோரோ-சென்செய் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், முகத்தைக் காட்ட வெட்கம். என் தவறு, இந்தப் பள்ளியைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன் என்கிறார். பிள்ளைகள் தோற்றதற்கு ஆசிரியர் தலைகுனிந்து நிற்பதை நான் வேறு எந்தக் கதையிலும் இப்படிப் பார்க்கவில்லை. எத்தனையோ பரீட்சை முடிவுகளுக்குப் பிறகு நான் வகுப்புக்குள் எப்படி நுழைந்தேன் என்று அன்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

#8 பனித்துளி

வணக்கம். நான் இன்னும் பார்க்கவில்லை. கதை வெளிப்படும் என்று தெரிந்தும் இதுவரை படித்துவிட்டேன். தொடங்கலாமா? எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

#9 மலைவகுப்பு

தாராளமாகத் தொடங்குங்கள் பனித்துளி. இதுவரை சொன்னது எதுவும் தொடரின் பெரிய முடிச்சுகளைத் தொடவில்லை. முதல் சீசன் 22, இரண்டாம் சீசன் 25, வரிசையாகப் பார்த்தால் போதும். 2016 கடைசியில் '365 நாட்கள்' என்று ஒரு திரைப்படம் வந்தது, பெரும்பாலும் தொடரின் தொகுப்புத்தான். அதை எல்லாம் முடித்த பிறகு பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். ஜப்பானிய ஒலியோடு பாருங்கள். ஃபுகுயாமா ஜுன் அந்த மஞ்சள் உருவத்துக்குக் கொடுத்திருக்கும் 'நுருஃபுஃபுஃபு' சிரிப்பைத் தவறவிடக் கூடாது.

ஒரே ஒரு வேண்டுகோள். முதல் பகுதியில் அவர் வருகைப் பதிவு எடுக்கும் காட்சியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு இந்த இழையில் முடிவைப் பற்றிய பேச்சு வரும், கீழே வராதீர்கள். முடித்துவிட்டு வாருங்கள்.

#10 குறிபார்ப்பவள்

ஒரு குறை சொல்ல வேண்டும், இவ்வளவு பாராட்டுக்கு நடுவே அதை விட்டுவிடக் கூடாது. இரினா.

அவள் நிஜமான கொலையாளி. பத்து மொழி பேசுவாள். இருபது வயது. அவளுடைய கடந்த காலம் கனமானது. இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு வகுப்பு வைக்கும் பட்டப்பெயர் ஒரு வசைச்சொல். கடைசி வரை அதையே கூப்பிடுகிறார்கள். அது போதாதென்று அவள் மாணவர்களுக்கு வலிய முத்தம் கொடுப்பதை நகைச்சுவை என்று திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். பெரியவர் ஒருவர் மாணவனிடம் செய்யக் கூடாத காரியம் அது. இந்தத் தொடரில் மற்ற சிரிப்பெல்லாம் எங்கேயாவது போய்ச் சேரும் என்று மலைவகுப்பு சொன்னார், நானும் ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சிரிப்பு எங்கேயும் போய்ச் சேரவில்லை.

#11 மலைவகுப்பு

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சிகளை நான் இப்போது தாண்டித்தான் ஓடவிடுகிறேன். அவள் எடுக்கும் ஆங்கில உரையாடல் வகுப்பு, எதிராளியின் மனதுக்குள் நுழையப் பேச்சு எப்படி வேண்டும் என்று அவள் சொல்லித்தருவது, இவை மட்டுமே அந்தப் பாத்திரத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

#12 நடுநிசி

சரி, ஒகுடா பகுதியையும் 'இரண்டாவது கத்தி' பகுதியையும் நேற்று மறுபடி பார்த்தேன். பயிற்சி நடக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேறொரு ஒப்பீடு வைக்கிறேன். ஸ்பை கிளாஸ்ரூம், 2023இல் ஜனவரியில் பாதி, ஜூலையில் பாதியாக வந்தது. கிளாவுஸ் என்ற பெரிய உளவாளி, வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளில் தேறாமல் நின்ற ஏழு பெண்களைச் சேர்த்து ஒரு குழு அமைக்கிறான். அவனுக்குச் சொல்லித்தரத் தெரியாது. எல்லாம் இயல்பாக வந்தது, விளக்க வரவில்லை. கடைசியில், என்னைத் தோற்கடியுங்கள், அதுவே பாடம் என்கிறான். வாத்தியாரைக் கொல்ல முயல்வதே பாடத்திட்டம் என்ற அதே யோசனைதானே?

#13 மலைவகுப்பு

யோசனை ஒன்று, வாத்தியார்கள் நேர் எதிர். அதனாலேயே இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன். கிளாவுஸால் விளக்க முடியாது, அந்தப் பெண்களே கற்றுக்கொள்கிறார்கள். அவனை ஏமாற்றப் போட்ட திட்டங்களெல்லாம் பிறகு எதிரியிடம் பயன்படுகின்றன. கோரோ-சென்செய் ஒவ்வொரு தாக்குதல் முடிந்ததும் உட்கார்ந்து திருத்தித் தருகிறார். சுகினோ பேஸ்பாலில் குண்டுகளைப் பதித்து எறிந்தபோது, பந்தைப் பிடித்ததோடு விடாமல் அமெரிக்கா போய் அவன் பார்த்துப் பழகும் வீரரின் கையைச் சுற்றிச் சோதித்துவிட்டு வருகிறார். அவருடைய தோள் உனக்கு இல்லை, ஆனால் உன் மணிக்கட்டும் முழங்கையும் அவரைவிட வளைகின்றன, உன் வழியில் போ என்கிறார். அந்தப் பையன் பிறகு வேறு மாதிரி எறிகிறான்.

நான் முதலில் சொன்ன நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதல் சீசனின் தீவுத் திட்டம்தான் என் பெரிய சான்று.

ஒரு பாடத்தில் பள்ளி முதலிடம் வருபவருக்குத் தன் கை ஒன்றைச் சுட உரிமை என்று அவர் அறிவிக்கிறார். முக்கியப் பாடங்களில் மூன்றில் வெல்கிறார்கள், மூன்று கை. தெராசாக்காவும் அவன் நண்பர்களும் மனையியலில் முதலிடம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். எந்தப் பாடம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! நான்கு பேர், நான்கு கை. மொத்தம் ஏழு. அவர் பதறும் அந்தக் காட்சி தொடரின் நல்ல சிரிப்புகளில் ஒன்று, அதே நேரம் நிபந்தனையின் ஓட்டையைப் படித்து உள்ளே நுழையும் வேலை.

பிறகு தீவில், கடலுக்குள் நிற்கும் ஒரு சிற்றாலயத்தில் அவரை உட்கார வைத்து, அவருடைய மானம் போகும் காட்சிகளை ஒரு மணி நேரம் வீடியோவாக ஓட்டுகிறார்கள். நோட்டில் எழுதியது: சட்டென்று பதறிவிடுவார். அந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல மெல்லத் தரைக்கு மேல் ஏறி அவர் கைகளை ஊற வைக்கிறது. அவருக்கு நீச்சல் வராது என்பதும் முன்பு ஒரு சிரிப்புக் காட்சிதான். ஏழு பேர் ஏழு கையைச் சுடுகிறார்கள். கட்டடம் பிரிந்து விழுகிறது, நீர்விசையில் மேலெழும் ஃப்ளைபோர்டுகளில் ஏறிய பிள்ளைகள் நீர்த்தாரையால் நாலு பக்கமும் கூண்டு கட்டுகிறார்கள். நிலத்திலிருந்து குண்டு வரும் என்று அவர் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்க, துப்பாக்கி சுடுவதில் தேர்ந்த சிபாவும் ஹயாமியும் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து சுடுகிறார்கள்.

அவர் கடைசி நொடியில் ஒரு கண்ணாடிப் பந்தாகச் சுருங்கித் தப்பித்துவிடுகிறார், அது வேறு. ஆனால் மாதக்கணக்கில் நாம் சிரித்த ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளைகள் சேமித்து வைத்து ஒரே இரவில் செலவழிக்கிறார்கள். வேறு எந்தப் பயிற்சி அனிமேயிலும் இதற்கு ஈடான திட்டத்தை நான் பார்த்ததில்லை.

#14 குறிபார்ப்பவள்

என் புனைபெயர் ஹயாமிக்காகத்தான். சுட்ட பிறகு அவளும் சிபாவும் துவண்டுபோவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பேரின் உழைப்பும் தங்கள் இருவரின் விரலில் வந்து நின்றது என்ற பாரம்.

#15 கரும்பலகை

திறமை வந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் விடாமல் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் சீசனில் பிள்ளைகள் கூரைமேல் ஓடித் தாவிப் பழகியதை வைத்து ஊருக்குள் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவிப் பள்ளியிலிருந்து போகிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும். கீழே சைக்கிளில் வந்த ஒரு முதியவர் அதிர்ந்து விழுந்து அடிபடுகிறார். சந்துக்குள் வந்தது அவர் குற்றம், எங்களுக்கு நேரம் சரியில்லை என்கிற மாதிரி அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அப்போது கோரோ-சென்செய் அவர்களை அறைகிறார்.

தகாஓகாவின் அறையோடு இதை எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. பிள்ளைகள்மேல் கை வைப்பதை நான் ஏற்பதில்லை, இதையும் ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடப்பது முக்கியம். அந்த முதியவர் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துபவர். மொத்த வகுப்பும் இரண்டு வாரம் அங்கே போய் வேலை செய்கிறது. பரீட்சை நெருங்கும் நேரம், படிக்க முடியாது, முடிவும் அடிவாங்குகிறது. கூரை தாவக் கற்ற அதே கால்களோடு அந்த ஓட்டைக் கட்டடத்தைப் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். நாகிசா அங்கே ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாடம் சொல்லித்தருகிறான். அதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

#16 குன்றின்மேல்

இனி முடிவு பற்றி. பார்க்காதவர்கள் நிறுத்திக்கொள்ளவும்.

தலைமை ஆசிரியர் அசானோவைப் பற்றி ஆறாம் பதிவில் கொடூரம் என்று எழுதினேன். பாதிக் கதைதான் அது. அந்த மலைக்கட்டடம் முதலில் அவருடைய சொந்தப் பயிற்சிப் பள்ளி. தொடக்கத்தில் மூன்று பேர்தான் மாணவர்கள். அன்பான வாத்தியார். அவர்களில் ஒருவன் வளர்ந்து வேறு பள்ளிக்குப் போய், மற்றவர்கள் கொடுமைப்படுத்தியதில் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். நல்லவனாக வளர்த்தேன், வலியவனாக வளர்க்கவில்லை என்று அவர் முடிவு கட்டுகிறார். அங்கிருந்துதான் 95, 5 கணக்கு. அதே கட்டடத்தில், அதே மாதிரி ஒரு வாத்தியார் திரும்ப வந்து நின்றதை அவர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்?

#17 நடுநிசி

முடிவு பற்றித்தான் நானும். கோரோ-சென்செய் முன்னாள் கொலையாளி, நிலாவை அழித்தது அவரே இல்லை, அங்கே நடந்த எலிச் சோதனை என்று தெரிந்த பிறகு வகுப்பு இரண்டாகப் பிரிகிறதே, அதில் நான் கர்மா என்ற மாணவன் பக்கம். கொல்ல வேண்டும் என்ற சிவப்பு அணி. ஒரு வருடம் அவர் கொடுத்த பாடத்துக்கு மரியாதை அதுதான் என்ற அவன் வாதம் எனக்கு வலுவாகத் தெரிகிறது.

#18 குறிபார்ப்பவள்

நான் நாகிசா பக்கம். காப்பாற்ற வழி தேடிப் பார்க்காமலே கொல்வது என்பது அந்த வகுப்பில் சொல்லித்தந்த எதற்கும் ஒத்துவராது. விண்வெளி நிலையம் வரை போய்த் தரவை எடுத்து வருகிறார்கள், அவர் உடல் வெடிக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று வருகிறது. அப்படியும் உலக நாடுகள் அவரைக் கொல்லும் திட்டத்தை நிறுத்தவில்லை. அந்த ஒரு சதவீதத்துக்காக ஒரு வாத்தியார் போனார்.

#19 மலைவகுப்பு

இரண்டு பக்கமும் சரி என்று, எந்தப் பக்கம் போவது என முடிவு செய்ய நடத்தும் வண்ணக்குண்டுச் சண்டையில் அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். கடைசியில் நாகிசாவும் கர்மாவும் மட்டும் மிஞ்சி, எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, கத்தியோடு மோதுகிறார்கள். அதுவரை அந்த இருவரும் நண்பர்களாக இருந்தும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்ததில்லை. கர்மா தோல்வியை ஒத்துக்கொள்ளும்போது அவன் முகத்தில் வரும் நிம்மதியை லெர்ச்சே எவ்வளவு அழகாகத் தீட்டியிருக்கிறது!

மார்ச் மாத இரவில் அவர் மல்லாந்து படுத்திருக்க, வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கும் காட்சியைப் பற்றி எழுத முயன்றேன், முடியவில்லை. கத்தியைத் தூக்கிய நாகிசாவின் கை நடுங்குகிறது. அவர் ஒரு கையை மெல்ல அவன் கழுத்தில் வைத்து, அமைதியாக, சிரித்துக்கொண்டு செய் என்கிறார். தகாஓகாவிடம் நடந்து போனபோது இருந்த அதே சிரிப்பு. கராசுமா பழக்கிய பாதி, இவர் பழக்கிய பாதி.

#20 கரும்பலகை

ஏழு வருடம் கழித்து நாகிசா ஒரு முரட்டுப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராகப் போய் நிற்கிறான். காப்பகத்தில் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பாடம் சொன்னான் என்று சொன்னேனே. பிள்ளைகள் பரிசுப் பணத்தில் படிப்புச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அந்த மலையையும் கட்டடத்தையும் வாங்கிவிட்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வருடா வருடம் போய்ப் பெருக்கித் துடைக்கிறார்கள்.

#21 பனித்துளி

மலைவகுப்பு, மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன். கடைசி நான்கு பகுதி நேற்று ஒரே இரவில். இப்போதுதான் 10ஆம் பதிவிலிருந்து படித்தேன்.

நீங்கள் சொன்ன காட்சியை இன்று காலை மறுபடி போட்டேன். எல்லோரும் சுட்டுக்கொண்டே இருக்க, சத்தத்தில் கேட்கவில்லை, இன்னும் உரக்கப் பதில் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். முதல் முறை பார்த்தபோது நானும் தங்கையும் சிரித்தோம். இன்று இசோகாய், ஒகுடா வரை வந்ததும் அவள் போய் டிவியை நிறுத்திவிட்டாள்.